தறியும் கணினியும் சேரும் கலை: ஓர் எளிய அறிமுகம்

நெய்யப்பட்ட எந்தத் துணியையும், அது பட்டுச் சேலையானாலும் பருத்தி வேட்டியானாலும், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் அதில் நடந்திருப்பது ஒரே ஒரு காரியம்தான் என்பது தெரியும். நீளவாக்கில் ஓடும் பாவு இழையும் குறுக்கே போகும் ஊடை இழையும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் பாவு மேலே இருக்கிறது, அல்லது கீழே இருக்கிறது. மூன்றாவது நிலை கிடையாது. கணினி தன்னிடமுள்ள எல்லாத் தகவலையும் ஒன்று, சுழியம் என்ற இரண்டே குறிகளால் எழுதி வைக்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தறியோ அதே இரண்டு நிலைகளை வைத்துக்கொண்டு, மின்சாரம் வருவதற்கு வெகு காலம் முன்பே மயிலையும் அன்னத்தையும் யாளியையும் துணியில் எழுதிக்கொண்டிருந்தது. நெசவாளர்களும் ஓவியர்களும் நிரலர்களும் சேர்ந்து இன்று செய்துவரும் கூட்டுப் படைப்புகளைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் போதும்.

சென்னைவாசிகளுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. சிந்தாதிரிப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில், 1730களில், நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியமர்த்துவதற்காகவே ஏற்படுத்தப்பட்ட பேட்டை. காஞ்சிபுரம் இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான். ஆனாலும் இன்றைய சென்னையில் வளர்ந்த ஒருவர் மென்பொருள் எழுதுகிறவரை எளிதாகச் சந்தித்துவிடுவார். தறியில் உட்கார்ந்திருப்பவரைச் சந்திக்க மெனக்கெட வேண்டும். கூட்டுப் படைப்பு என்பது பல சமயம் இந்த மெனக்கெடலில்தான் தொடங்குகிறது.

துணிக்குள் இருக்கும் கட்டங்கள்

கைபேசித் திரையில் தெரியும் படம் நுண்ணிய சதுரங்களால் ஆனது. துணியில் அந்தச் சதுரத்தின் வேலையைச் செய்வது பாவும் ஊடையும் சந்திக்கும் புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 80 பாவு இழைகள் என்று வைத்துக்கொண்டால், 48 அங்குல அகலமுள்ள சேலையில் 3,840 பாவு இழைகள் இருக்கும். கடைகளில் 4கே என்று விற்கும் தொலைக்காட்சித் திரையின் அகலத்தில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையும் சரியாக 3,840தான். இது தற்செயலான பொருத்தம்தான் என்றாலும், சேலை எவ்வளவு நுட்பமான ஒரு பரப்பு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் திரைக்கும் துணிக்கும் சில அடிப்படை வேறுபாடுகள் உண்டு. கணினியில் வரைந்த படத்தை அப்படியே தறிக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். திரையின் புள்ளி சதுரமானது. துணியின் புள்ளி பெரும்பாலும் சதுரமாக இருப்பதில்லை. அங்குலத்துக்கு 80 பாவும் 60 ஊடையும் உள்ள ஒரு துணியில், 240 கட்டம் அகலமும் 240 கட்டம் உயரமும் கொண்ட வட்டத்தை நெய்தால், அது 3 அங்குல அகலமும் 4 அங்குல உயரமுமாக முட்டை வடிவில் வந்து நிற்கும். அதே வட்டம் வட்டமாகவே வர வேண்டுமானால் உயரத்தை 180 கட்டங்களாகக் குறைத்து வரைய வேண்டும். காஞ்சிபுரத்தில் புட்டா வரைகிறவர்கள் கிராஃப் தாளில் இந்தக் கணக்கைப் பார்த்தே கட்டம் நிரப்புகிறார்கள். நெசவு மென்பொருளும் முதலில் கேட்பது பாவு எத்தனை, ஊடை எத்தனை என்பதைத்தான்.

இரண்டாவது வேறுபாடு நிறம். திரையில் ஒரு புள்ளி எந்த நிறத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். துணியிலோ பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம். எது மேலே வருகிறதோ அந்த நிறம் தெரியும், அவ்வளவுதான். இரண்டும் நெருக்கமாக மாறி மாறி வரும்போது, தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைக் கலந்து மூன்றாவது நிறமாகக் காண்கிறது. மயில்கழுத்துச் சேலையில் ஒரு மடிப்பு நீலமாகவும் அடுத்த மடிப்பு பச்சையாகவும் மின்னுவதற்குக் காரணம், பாவில் ஒன்றும் ஊடையில் மற்றொன்றுமாக அந்த இரண்டு நிறங்கள் இருப்பதே.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. நெசவாளர் இல்லாமல் இந்தக் கலை நடக்காது என்பதற்கான காரணமும் அதில்தான் இருக்கிறது. ஓர் ஊடை இழை பல பாவு இழைகளுக்கு மேலாகவே தொடர்ந்து போய்விட்டால், நடுவில் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அது துணியின் மேல் தளர்ந்து தொங்கும். வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். ஆகவே கணினியில் ஒரே நீலமாகத் தெரியும் ஒரு பரப்பைத் துணியில் ஒரே நீலமாக நிரப்பிவிட முடியாது. நான்கைந்து இழைகளுக்கு ஒரு முறையாவது ஊடையைக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். அந்தக் கட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதைப் பொறுத்து, அதே நீலம் வழவழப்பாகவோ சாய்கோடுகளாகவோ மணல்போன்றோ தோன்றும். ஒளிப்படத்தின் வெளிச்சம், அரையிருள், இருள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வகைக் கட்டைத் தேர்ந்தெடுத்து ஒதுக்குவதுதான் டிஜிட்டல் நெசவின் உண்மையான வேலை. மென்பொருள் அதைச் சீக்கிரம் செய்துதரும். எந்தக் கட்டு எந்த நூலுக்குப் பொருந்தும் என்பது தறியோடு பழகிய கைக்குத்தான் தெரியும்.

நினைவு இருக்கும் இடம்

ஒரு மயில் புட்டாவை இந்த வாரம் நெய்துவிட்டு, அடுத்த மாதம் அதே மயிலை அச்சுப் பிசகாமல் மறுபடி நெய்ய வேண்டுமானால், எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழைகள் தூக்கப்பட்டன என்பதை எங்காவது பதிந்து வைத்திருக்க வேண்டும். நெசவு வரலாற்றை இந்தப் பதிவு எங்கே இருந்தது என்ற கேள்வியைக் கொண்டே சொல்லிவிடலாம்.

காஞ்சிபுரத்தில் முற்காலத்தில் அது நூலிலேயே இருந்தது. அடை என்று அங்கே சொல்லப்படும் அமைப்பில், தறிக்கு மேலே கட்டப்பட்ட நூல் முடிச்சுகளே வடிவத்தைத் தாங்கியிருக்கும். உதவிக்கு இருப்பவர் வரிசைப்படி அந்த நூல்களை இழுத்துக் கொடுக்க, நெசவாளர் ஊடை இழையைச் சுமந்து போகும் நாடாவை எறிவார். வாரணாசியின் நெசவிலும் இதற்கு இணையான முறை இருந்தது. பிரான்சின் லியோன் நகரில் 1725இல் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தினார். அதன் பின் சிலர் செய்த திருத்தங்களையெல்லாம் சேர்த்து, 1804இல் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய இயந்திரத்தில் பதிவு அட்டைக்கு மாறியது. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் கொக்கி பாவைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. அட்டைகளைக் கயிற்றால் வரிசையாகக் கோத்துச் சங்கிலியாகத் தொங்கவிட்டால், தறி தானே அடுத்த அடுத்த வரிக்குப் போகும். இன்றைக்கும் காஞ்சிபுரத்தில் தறி வீட்டுக்குள் போனால் தலைக்கு மேலே அந்த ஜக்கார்டு பெட்டியையும் அட்டை மாலையையும் காணலாம்.

இந்த அட்டையைக் கண்டு வியந்தவர்களில் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜும் ஒருவர். ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்து 1839இல் லியோனில் வெளியிட்டார்கள். அந்த ஒரு படத்துக்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பாபேஜ் அதில் ஒரு படியை வாங்கி வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட பகுப்பு இயந்திரம் என்ற கணக்கிடும் பொறிக்கும் அதே வகை அட்டைகளையே அவர் எண்ணியிருந்தார். ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல அந்த இயந்திரம் இயற்கணித வடிவங்களை நெய்யும் என்று 1843இல் எழுதினார் ஆங்கிலேயக் கணிதர் ஏடா லவ்லேஸ். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பொறியாளர் ஹோலரித் பயன்படுத்தியதும், பின்னர் கணினிகளுக்கு நிரல் ஊட்டியதும் துளையட்டைகள்தாம். இன்னும் ஒரு படி மேலே போனால், சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்களின் கணினியில் மாற்ற முடியாத நிரல்கள் கம்பியால் நெய்யப்பட்டிருந்தன. கம்பி சிறு காந்த வளையத்துக்குள் நுழைந்தால் ஒன்று, வெளியே போனால் சுழியம். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்கள் அதைக் கையால் கோத்தார்கள். ஆகவே கணினி வந்து நெசவுக்கு உதவுகிறது என்று மட்டும் சொல்வது பாதிக் கதைதான்.

அட்டைக்கு அடுத்தது கோப்பு. மின்னணு ஜக்கார்டில் அட்டைக்குப் பதிலாகக் கணினிக் கோப்பு கொக்கிகளை இயக்குகிறது. இதனால் மாறியது வேகம் மட்டுமன்று. சாதாரண ஜக்கார்டு பெட்டியில் 120, 240, 400 என்று கொக்கிகள் இருக்கும்; பாவு இழைகளோ ஆயிரக்கணக்கில். ஒரே கொக்கி பல இடங்களில் உள்ள இழைகளை ஒரு சேரத் தூக்குவதால்தான் புட்டாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு பாவு இழையையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடிந்தால், துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை திரும்பவே திரும்பாத ஓர் ஓவியத்தை நெய்யலாம். நார்வேயில் உருவான டிசி-2 போன்ற கைத்தறிகள் அதைத்தான் செய்கின்றன. இழைகளைத் தூக்கும் முடிவு கணினியில் இருக்கும். நாடாவை எறிவதும் ஊடையை அடிப்பதும் மனிதக் கை. உலகெங்கும் கலைக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் டிஜிட்டல் நெசவில் ஈடுபடும் கலைஞர்கள் பெரும்பாலும் இத்தகைய தறிகளையே நாடுகிறார்கள்.

நம் நாட்டில், ஜக்கார்டு வடிவமைப்புக்காகவும், டாபி எனப்படும், சிறு வடிவங்களை நெய்யும் எளிய தறியமைப்புக்காகவும் டிஜிபுனை என்ற கட்டற்ற மென்பொருளை ஒன்றிய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் வெளியிட்டிருக்கிறது. தனியார் மென்பொருள்களின் விலைக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

ஒரு மழைக்காலத்தை நெய்தல்

கூட்டுப் படைப்பு எப்படி நடக்கும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். சென்னையின் 2015ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையைத் துணியாக்க வேண்டும் என்று ஓர் ஓவியர் விரும்புகிறார். மழைத் தரவைக் கட்டங்களாக மாற்ற ஒரு நிரலரும், நெய்வதற்குக் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரும் சேர்கிறார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்கள். ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஊடை என்று வைத்தால் மொத்தம் 2,208 ஊடைகள். அங்குலத்துக்கு 60 ஊடை விழுந்தால் துணியின் நீளம் ஏறத்தாழ 37 அங்குலம், அதாவது ஒரு கெஜத்துக்குச் சற்றே அதிகம். கிட்டத்தட்ட ஒரு முந்தானை அளவில் முழுப் பருவமழையும் அடங்கிவிடுகிறது. அட்டையில் இதைச் செய்வதானால் 2,208 அட்டைகள் குத்த வேண்டும். ஒரே ஒரு முறை நெய்யப்போகும் துணிக்காக அத்தனை அட்டை குத்த எவரும் முன்வர மாட்டார்கள். கோப்பாக இருக்கும்போது அந்தத் தடை இல்லை. டிஜிட்டல் நுட்பம் கலைஞருக்குக் கொடுத்திருக்கும் சுதந்திரம் முக்கியமாக இதுவே என்பது என் கருத்து. அழகான வடிவங்கள் முன்பும் இருந்தன. திரும்ப வராத வடிவத்துக்குத்தான் இடம் இல்லாமல் இருந்தது.

மழை பெய்யாத மணி நேரத்தில் துணி முழுவதும் சாதாரண நெசவு. மழை பெய்த மணி நேரத்தில், மழையின் அளவுக்கு ஏற்ப இடது ஓரத்திலிருந்து தொடங்கி நீல ஊடை மேலே தெரியும்படியான கட்டு. ஓவியரின் முதல் வரைவு இவ்வளவுதான். இதைப் பார்த்ததும் நெசவாளர் சொல்லக்கூடியது ஒன்று: "இடது பக்கமே எப்பவும் மெதப்பா வந்தா அந்தப் பக்கம் பாவு தொஞ்சிடும்மா, வலது பக்கம் விறைச்சுக்கிட்டு நிக்கும். துணி தறியை விட்டு இறங்கும்போது கோணிக்கும்." இதில் உள்ள அறிவியல் எளிமையானது. சாதாரண நெசவில் பாவு ஒவ்வோர் ஊடையையும் ஏறி இறங்கி வளைந்து போவதால் அதிக நீளம் செலவாகிறது. ஊடை பல இழைகளைத் தாண்டிப் போகும் கட்டில் வளைவுகள் குறைவு, செலவும் குறைவு. எல்லாப் பாவும் ஒரே உருளையில் சுற்றப்பட்டிருப்பதால், குறைவாகச் செலவாகும் பக்கம் தளர்ந்துவிடுகிறது. கணினித் திரையில் இந்தத் தளர்ச்சி தெரியாது. வரைவைப் பார்த்ததும் நெசவாளர் அதைத் தறியின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதுபோலப் பார்த்துவிடுகிறார்.

அவர் சொல்லும் தீர்வு, ஒரு நாள் மழையை இடப்பக்கத்திலிருந்தும் மறுநாள் மழையை வலப்பக்கத்திலிருந்தும் தொடங்குவது. நிரலில் இதற்கு ஒரு வரியைத் திருத்தினால் போதும். துணியில் படைப்பின் தோற்றமே மாறிப்போகிறது. இரு ஓரங்களிலிருந்தும் நீலம் நடுவை நோக்கி முன்னேறிப் பின்வாங்கும் அந்த வடிவம் ஓவியர் நினைத்துப் பார்த்திராதது. எழுந்தது பாவின் இழுவிசைச் சிக்கலிலிருந்து.

நிரலருக்கும் ஒரு முடிவு காத்திருக்கிறது. டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்றைய மழை துணியின் முழு அகலத்தையும் நிரப்பும்படி அளவுகோலை வைத்தால், சாதாரணத் தூறல்கள் ஓரத்தில் இரண்டு மூன்று இழைகளாகச் சுருங்கிக் காணாமல் போகும். தூறல் தெரியும்படி வைத்தால் பெருமழை துணிக்குள் அடங்காது. ஏதோ ஒரு புள்ளியில் அளவைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். அதை எங்கே செய்வது என்பது கணக்கு மட்டுமன்று, அந்த மழையைப் பற்றி இவர்கள் என்ன சொல்ல வருகிறார்கள் என்பதும் ஆகும். இன்னொரு சங்கடமும் உண்டு. நகரத்தையே மூழ்கடித்த அந்த நாள் துணியில் 24 ஊடைகள், அதாவது அரை அங்குலத்துக்கும் குறைவு. சேலையைத் தட்டி உதறும்போது கண்ணில் படாமலே போய்விடலாம். நெசவாளர் அங்கே மட்டும் நூலைக் கூடுதல் புரி சேர்த்துப் பருமனாக்கலாம் என்று சொன்னால், அதே 24 ஊடை அதிக உயரத்தைப் பிடிக்கும். விரலால் தடவினாலே அந்த நாள் எது என்று தெரியும். தரவில் ஒரு எண்கூட மாறவில்லை. தொட்டுணரும் ஒரு வழி மட்டும் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அச்சிட்ட வரைபடத்தால் கொடுக்க முடியாதது இது.

உலகில் நடந்த சில முயற்சிகள்

அமெரிக்காவின் நவஹோ பழங்குடியைச் சேர்ந்த நெசவாளர் மரிலூ ஷூல்ட்ஸ், இன்டெல் நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 1994இல் பென்டியம் என்ற கணினிச் சில்லின் உள்ளமைப்பைத் தம் மரபுத் தறியில் கம்பளி நூலால் நெய்தார். முதற்பார்வையில் அது நவஹோ கம்பள வடிவமாகவே தோன்றும். சில்லின் நுண்கட்டங்களும் கம்பளத்தின் கட்டங்களும் அவ்வளவு நெருங்கியவை. ஆனால் இந்தப் படைப்புக்குப் பின்னால் இன்னொரு வரலாறு உண்டு. 1965 முதல் 1975 வரை நியூ மெக்ஸிகோவின் ஷிப்ராக் என்ற ஊரில் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் மின்னணுத் தொழிற்சாலை இயங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். அவர்கள் நெசவில் பழகியவர்கள், ஆகவே நுண்சுற்றுகளைச் செய்வதும் அவர்களுக்கு இயல்பாகவே வரும் என்ற தொனியில், கம்பளத்தையும் சில்லையும் அடுத்தடுத்துக் காட்டி நிறுவனம் விளம்பரக் கையேடு வெளியிட்டது. திறமையைப் புகழ்வதுபோலத் தோன்றினாலும், பயிற்சியால் வந்த ஒன்றைப் பிறவிக் குணமாகச் சொல்லிவிட்டால் அதற்குக் கூலி உயர்த்திக் கொடுக்கத் தேவையில்லை என்ற வசதி அதில் இருக்கிறது. ஷூல்ட்ஸ் பிற்காலத்தில் ஃபேர்சைல்ட் சில்லொன்றையும் நெய்திருக்கிறார். (சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் நெடுஞ்சாலையில் வழியில் வருவது ஸ்ரீபெரும்புதூர். அங்கேயுள்ள மின்னணுத் தொழிற்சாலைகளின் பணிமனைகளில் இருப்பவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள்தாம். இந்த இரண்டு ஊர்களையும் ஒரே துணியில் பார்க்க எனக்கு ஆசை உண்டு.)

சிலியில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வாழும் கியேர்மோ பெர்ட், மபூச்சே பழங்குடி நெசவாளர்களோடு சேர்ந்து க்யூஆர் குறிகளைத் துணியில் நெய்யச் செய்தார். கைபேசியால் அதைப் படித்தால் அந்தச் சமூகத்தவர் சொன்ன சொற்களையும் கதைகளையும் அடையலாம். க்யூஆர் குறி இயல்பாகவே கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆனது என்பதால் தறிக்கு அது புதிது அல்ல. அஜர்பைஜானின் ஃபைக் அகமது, மரபுக் கம்பளங்களின் வடிவம் பாதியில் உருகி வழிவதுபோலவோ, கோப்பு பழுதாகிக் கட்டம் கட்டமாகச் சிதறியதுபோலவோ கணினியில் வரைகிறார். அந்தச் சிதைவை முடிச்சு முடிச்சாக, முறை தவறாமல், மரபுவழி நெசவாளர்கள் கையால் செய்து தருகிறார்கள். கலிபோர்னியாவின் லியா குக் முகங்களின் ஒளிப்படங்களைப் பெரிய அளவில் நெய்கிறவர். ஒரே முகத்தை ஒளிப்படமாகவும் துணியாகவும் பார்க்கும்போது மூளையில் எழும் எதிர்வினை எப்படி வேறுபடுகிறது என்று அறிய, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர்களோடு அவர் இணைந்து செயல்பட்டார்.

மின்சாரத்தையே துணிக்குள் ஓடவிடும் கிளை ஒன்றும் உண்டு. அதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையான ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளி மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே ஜரிகைக் கரையை ஒரு தொடு பொத்தானாகவே பயன்படுத்தலாம். தொட்டால் ஒலி எழும்படி செய்யலாம். பாலியெஸ்டர் படலத்தில் செய்த மலிவு ஜரிகையில் இதை நம்ப முடியாது. ஐரீன் போஷ், எப்ரு குர்பாக் என்ற இரு கலைஞர்கள் 2018இல் தங்க நூல் பூத்தையலைக் கொண்டே இயங்கும் ஓர் எளிய 8 பிட் கணினியைச் செய்து காட்டினார்கள். கூகுள் 2015இல் அறிவித்த ஜக்கார்டு திட்டம், கடத்தும் நூலைச் சாதாரணத் தறியிலேயே நெய்யலாம் என்று காட்டி, 2017இல் லீவைஸ் மேற்சட்டையாகக் கடைக்கும் வந்தது. அது நீண்ட நாள் நிற்கவில்லை. துணி பத்தாண்டு உழைக்க வேண்டியது. அதற்குள் வைத்த மின்னணுப் பாகமும் செயலியும் அதற்கு முன்பே பழசாகிவிடும். சேலையைப் பேத்திக்குக் கொடுக்க நினைக்கும் ஊரில் இந்த முரண்பாடு இன்னும் பெரிதாகவே தெரியும்.

யாருடைய படைப்பு

ஓவியரும் நெசவாளரும் ஒன்றாக உட்காருவது நமக்குப் புதிதன்று. ருக்மிணி தேவி அருண்டேல் 1937இல் கலாக்ஷேத்திராவில் நெசவுக்கூடம் தொடங்கி, உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைகளையும் பழைய வடிவங்களையும் மீட்டெடுத்தார். 1950களின் பிற்பாதியில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் நெசவாளர் சேவை மையங்களை ஏற்படுத்தி, ஓவியர், சாயமிடுபவர், நெசவாளர் ஆகிய மூவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. பிற்காலத்தில் இந்தியாவின் முன்னணி ஓவியர்களில் ஒருவரான ஜோகேன் சௌத்ரி, 1968 முதல் 1972 வரை சென்னையில் அந்த மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். கூட்டுப் பணிக்கான இடம் அரசுத் துறைக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பதை இன்றைய கலைக்கூடங்கள் நினைவில் வைப்பதில்லை.

கணினி வந்த பிறகு கவலைப்பட வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. முன்பு ஓவியர் தறிக்கு அருகில் வந்தாக வேண்டியிருந்தது. இப்போது கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத் துணி வரும்வரை காத்திருக்கலாம். அப்படி நடந்ததைக் கூட்டுப் படைப்பு என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது ஆர்டர் கொடுத்துச் செய்வித்த வேலை. ஆர்டரில் தவறொன்றும் இல்லை, ஆனால் பெயர் வேறு. மேலே பார்த்த மழைத் துணியில் நெசவாளர் சொன்ன ஒரு வாக்கியம் வடிவத்தையே மாற்றியது. அப்படி மாற்றும் உரிமை அவருக்கு இருந்ததா, அரங்கின் சுவரில் ஒட்டும் குறிப்பில் அவர் பெயர் இருக்கிறதா, அல்லது 'காஞ்சிபுரத்துக் கைவினைஞர்கள்' என்ற பொதுச்சொல்லுக்குள் அவர் கரைந்துவிட்டாரா என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

கூலியும் இதில் சேரும். நெசவாளருக்கு வழக்கமாக ஒரு சேலைக்கு இவ்வளவு என்றே கூலி. சோதனை முயற்சியில் பாதி நாள் நூலை மாற்றுவதிலும், மாதிரித் துண்டு நெய்து பிரித்துப் பார்ப்பதிலும் போகும். அங்கே சேலைக் கணக்கில் கூலி பேசினால், சோதனையின் செலவு முழுவதும் நெசவாளர் தலையில் விழும். நாள் கணக்கில் பேசுவதே நியாயம். மின்னணு ஜக்கார்டு பரவினால் அட்டை குத்துகிறவர்களின் வேலை போகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கிராஃப் வரையத் தெரிந்த அந்தக் கைகளை நெசவு மென்பொருளுக்குப் பழக்குவது கலைத் திட்டங்களால் செய்யக்கூடிய ஒரு காரியம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறி அல்லாத தறியையே கைத்தறி என்கிறது. கரை வைத்த சேலை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியும் வைத்திருக்கிறது. கொக்கியை மின்சாரம் தூக்கி, நாடாவைக் கை எறிந்தால் அது எந்தப் பக்கம் என்பதில் விவாதத்துக்கு இடமுண்டு. இன்னும் நேரடியான ஆபத்து கோப்பு நகலெடுக்கப்படுவது. அட்டை மாலையை ஊர்விட்டு ஊர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கோப்பு ஒரு விரல் அசைவில் விசைத்தறிக்குப் போய்ச் சேரும். காஞ்சிபுரம் பட்டுக்கு உள்ள புவிசார் குறியீடு அந்தப் பெயரைக் காக்குமே தவிர, ஒரு குறிப்பிட்ட புட்டாவின் கோப்பைக் காக்காது. வடிவமைப்புகள் சட்டம் 2000இன் கீழ் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்துவிட்டால், அதன்மேல் உள்ள பதிப்புரிமையும் போய்விடும். ஆகவே முதல் ஊடை விழுவதற்கு முன்பே, கோப்பு யார் யார் பெயரில் பதிவாகும் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்க விரும்புகிறவருக்கு

சென்னையில் இருப்பவர் முதலில் தறியைப் பார்க்கலாம். திருவான்மியூர் கலாக்ஷேத்திராவின் கைவினைக் கல்வி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று தறியோடு காட்சிக்கு இருக்கிறது. எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் தரமணியிலுள்ள தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டிலும் துணி வடிவமைப்பு கற்பிக்கப்படுகிறது. பிறகு ஒரு கிராஃப் நோட்டை எடுத்து, 16 கட்டம் அகலமும் 16 கட்டம் உயரமுமாக ஒரு வடிவத்தை நிரப்பிப் பாருங்கள். நிரப்பிய கட்டம் ஊடை மேலே, காலிக் கட்டம் பாவு மேலே. ஒவ்வொரு வரிசையிலும் ஐந்துக்கு மேல் தொடர்ந்து நிரம்பிய கட்டங்களைச் சிவப்பால் வட்டமிடுங்கள். அதேபோல ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஐந்துக்கு மேல் தொடர்ந்து காலியாக இருக்கும் கட்டங்களையும் வட்டமிடுங்கள், அங்கே தொங்கப்போவது பாவு. தறி வீட்டுக்கு அந்தத் தாளோடு போனால், நெசவாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் அந்தச் சிவப்பு வட்டங்களுக்குள்ளேயே இருக்கும்.